பைனாகுலர் வாங்கிய குடும்பஸ்தன்

மாத்தளையில் எழுதுகிறவர்கள் பெயருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்வது வழக்கம். மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என்று ஊருக்குப் பெருமை சேர்த்தவர்களின் வரிசை நீளமானது. ஆயுளெல்லாம் வங்கியில் பேரேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கும், ஓய்வு பெற்ற கையோடு அந்த வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்ள ஆசை வந்தது. கவிதை எழுதினேன். வாசித்துக் காட்டியபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி மனைவி எழுந்து போனாள். அன்றைக்கு வீட்டில் பால் வாங்கவே இல்லை.

எழுத்துக்கு வழியில்லை என்றான பிறகுதான் பறவை பார்க்கக் கிளம்பினேன். இதில் ஒரு வசதி, யாருக்கும் எதையும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தாலே போதும். விஷயம் தெரிந்த ஆள் என்று பார்ப்பவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். என்னுடையது 8க்கு 42 ரகம். தூரத்தில் இருப்பதை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும். விலையை மட்டும் வீட்டில் பாதியாக்கிக் காட்டினேன்.

எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பதற்கென்று ஒரு கூட்டம் போட்டோம். ஆளுக்கொரு பறவையின் பெயரைச் சொல்லிச் சண்டை பிடித்ததில் கட்லட் முடிந்தது. கட்லட் முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. தலைவர், ஓய்வுபெற்ற விஞ்ஞான மாஸ்டர். பறவை கண்ணில் படுவதற்கு முன்பே அதன் குடும்பம், கோத்திரம், இனப்பெருக்கம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார். அடுத்தவர் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற நானா. வேன் அவருடையது என்பதால் அவர் இல்லாமல் கோரம் கூடாது. ஜி.எஸ். மாத்தயா முன்னாள் கிராம சேவகர். எந்தப் பறவையைப் பார்த்தாலும் அது எந்தப் பிரிவில் பதிவானது என்று கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. மருந்துக்கடைத் தம்பி ஒருவனுக்குத்தான் கண் தெரியும். வங்கியில் இருந்தவன் என்பதால் நான் பொருளாளர். பொருள் இனிமேல்தான் வர வேண்டும்.

கொழும்பில் 1943இலிருந்து சிலோன் பேர்ட் கிளப் இருக்கிறது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் களப் பறவையியல் குழுவும் தொடங்கிவிட்டது. அவர்கள் எண்ணுவது விஞ்ஞானம். நாங்கள் எண்ணுவது பெரும்பாலும், ஏறினவர்கள் எல்லோரும் திரும்ப வேனில் ஏறிவிட்டார்களா என்பதை.

ஒவ்வொரு பயணத்திலும், வேன் இரத்தோட்டைச் சந்தியைத் தாண்டுவதற்குள் மாஸ்டர் ஹென்றி புராணத்தைத் தொடங்குவார். ஜி. எம். ஹென்றி 1891இல் பிறந்தது மாத்தளை மலைப்பக்கத்துக் கந்தேநுவரத் தேயிலைத் தோட்டத்தில். தகப்பன் அங்கே துரை. பையன் வீட்டிலேயே படித்து, கொழும்பு நூதனசாலையில் படம் வரைகிறவராகச் சேர்ந்து, பூச்சிகளுக்குப் பொறுப்பாளராகி, 1946இல் ஓய்வு பெற்றார். 1955இல் தானே வரைந்த படங்களோடு இலங்கைப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். இன்றைக்கும் பறவைக்காரர்களுக்கு அது வேதம். “பூச்சி பார்க்கச் சம்பளம் வாங்கிட்டுப் பறவை பார்த்த மனுஷன்” என்று மாஸ்டர் கண் கலங்குவார். காசு எண்ணச் சம்பளம் வாங்கிக்கொண்டு நானும் எத்தனையோ நாள் யன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது ஓய்வூதியத்தில் ஒரு கணக்குக் குளறுபடி மட்டும்தான்.

பறவை பார்ப்பவனுக்குக் கோடை ஆகாத காலம். வடக்கேயிருந்து வருகிற பறவைகள் புரட்டாசி ஐப்பசியில் இலங்கையில் இறங்கி, பங்குனி சித்திரைக்குள் மூட்டை கட்டிவிடும். விடியலிலும் அந்தியிலும் மணி தவறாமல் கூப்பிடுகிற ஆறுமணிக் குருவி ஒன்று, எங்கள் கொக்கோ மரத்தடியில் மாதக்கணக்காகச் சருகு கிளறிக்கொண்டிருந்தது. சித்திரை விடுமுறையில் மாஸ்டரைக் கூட்டிவந்து காட்டலாம் என்று இருந்தேன். அது இமயமலை அடிவாரத்தில் கூடு கட்டப் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு வசதிப்படுவதோ சித்திரை முதல் ஆவணி வரைதான். ஆகவே எங்கள் ‘கோடைகால நிகழ்ச்சித் திட்டம்’ என்பது, விருந்தாளிகள் எல்லோரும் கைகழுவிப் போன பிறகு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிற மாதிரி.

சித்திரையில் எஞ்சுவது குயில். அது கூவினால் சிங்களவர்களுக்கும் புத்தாண்டு, நமக்கும் புத்தாண்டு. ஜி.எஸ். மாத்தயா முதற்குயிலைக் கேட்டதும் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் சொல்வார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு மாஸ்டர், குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிற விதத்தை விளக்கினார். காகம் தன் குஞ்சென்றே நினைத்து அதற்கு ஊட்டி வளர்க்கும், ஏமாந்துபோகும் என்றார். என் தங்கச்சி மகன் எங்கள் வீட்டில் தங்கி ஏ.எல். படித்துக்கொண்டிருந்த நேரம் அது. தேத்தண்ணி கொண்டு வந்த மனைவி நின்று கேட்டுவிட்டு, “காக்காவுக்குத் தெரியாமலா இருக்கும் மாஸ்டர்? சொந்தக்காரங்க மூஞ்சிய முறிக்க வேணாம்னு சும்மா இருந்திருக்கும்” என்றாள். பறவையியலில் இந்தக் கோணத்தை ஹென்றி தொடவில்லை.

மே மாதத்து இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுக்க ஒரே நாளில் பறவை எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் கூடம் 2015இல் தொடங்கிவைத்த ஏற்பாடு. மாத்தளையும் உலகத்தில்தானே இருக்கிறது என்று நாங்களும் ரிவர்ஸ்டனுக்குப் புறப்பட்டோம். நக்கிள்ஸ் மலைத்தொடரில் மாத்தளைப் பக்கத்து வாசல் அது. 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் இந்த மலையும் அதில் சேர்ந்தது. அப்பேர்ப்பட்ட இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று மனைவி தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுத்தாள். தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தாண்டியிருந்த வருஷம் அது. “பாத்துச் சாப்பிடுங்க” என்று அவள் சொன்னது பொருளாதார அர்த்தத்தில்.

ரிவர்ஸ்டனில் அட்டை உண்டு. மாஸ்டரின் யோசனைப்படி காலுறையில் உப்பும் எலுமிச்சம் சாறும் தடவிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நான் விஞ்ஞானத்தை ஒரு படி முன்னே கொண்டுபோக நினைத்து, சவர்க்காரத்தைக் கட்டியாகவே தேய்த்துக்கொண்டேன். அட்டை ஒன்றும் ஏறவில்லை. ஆனால் மலைமேல் தூறல் பிடித்தது. நடக்க நடக்க இரண்டு சப்பாத்திலிருந்தும் நுரை பொங்கியது. ஒவ்வொரு அடிக்கும் லேஸ் துளைகள் வழியாகச் சின்னச் சின்னக் குமிழி வந்து, வெயில் பட்டால் வானவில் காட்டி உடைந்தது. எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசியில் ஓர் அட்டை, நுரை எட்டாத உயரத்தில், என் முழங்காலுக்கு மேலே இடம் பார்த்துக்கொண்டது. ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைத் தூக்கி, அங்குமிங்கும் மோப்பம் பிடித்து, சாவகாசமாகக் குனிந்தது. அன்றைக்கு நான் தெளிவாகப் பார்த்த முதல் உயிரினம் அதுதான்.

பறவைகளைப் பார்க்க முடியாததற்குக் காரணம் மூடுபனி. பறவை மட்டுமல்ல, மாஸ்டரே தெரியவில்லை. குரல் மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. மருந்துக்கடைத் தம்பியின் தொலைபேசியில் ஒரு செயலி. சத்தத்தைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லுமாம். திடீரென்று அது லேயார்ட் கிளி என்று அறிவித்தது. இலங்கைக்கே உரிய கிளி! ஆளுக்கொரு திசையில் பைனாகுலரைத் திருப்பினோம். இன்னொரு தரம் அறிவித்தது. இந்த முறை கிளி கிட்ட வந்துவிட்டது. அதற்கடுத்த முறை பனிக்குள்ளிருந்து நானாவின் வேனே வந்து நின்றது. ஃபேன்பெல்ட் மாற்ற வேண்டுமென்று அவர் போன மாதமே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்காக வெறுங்கண்ணோடு திரும்பினோம் என்று நினைக்க வேண்டாம். பனி ஒரு பத்து நிமிஷம் விலகியபோது, பாதையோரத்தில் தாழ்ந்த கிளை ஒன்றில் மங்கல்நீல ஈப்பிடிப்பான் வந்து உட்கார்ந்தது. இந்தத் தீவின் மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆளைக் கண்டு அஞ்சாத சாது. தலையைச் சரித்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு, அதன் இனப்பெருக்கத்தைக் காதோடு காதாகச் சொன்னார். நான் பைனாகுலரை உயர்த்தினேன். கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. சட்டை முனையால் துடைத்தேன், சட்டையும் ஈரம். துடைத்து நிமிர்வதற்குள் எல்லோரும் “ஆகா” என்று சொல்லி முடித்திருந்தார்கள். நானும் “ஆகா” என்றேன். குழுவில் இருப்பவனுக்குச் சில கடமைகள் உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓர் ஓணான். பாசி பிடித்த மரத்தில் மருந்துக்கடைத் தம்பிதான் கண்டுபிடித்தான். மூக்கு நுனியில் ஒரு சின்ன இலையை ஒட்டிவைத்திருந்தது. உண்மையில் அது இலையில்லை, அதன் சதைதான். நக்கிள்ஸில் மட்டும் வாழ்கிற இந்த ஓணானின் விஞ்ஞானப் பெயரில் இருப்பவர் எமர்சன் டெனன்ட். 1848இல் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஆள். துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, நாய்க்கு வரி என்று வெள்ளைக்கார அரசாங்கம் போட்டு, மாத்தளை சனம் கிளர்ந்தெழுந்து, வீர புரன் அப்புவைச் சுட்டுக்கொன்றார்களே, அதே வருஷம். அந்தக் கிளர்ச்சி நடந்த ஊருக்கு மேலே, மூக்கில் இலையோடு, அவருடைய பெயரைச் சுமந்துகொண்டு ஓணான் உட்கார்ந்திருக்கிறது. ஜி.எஸ். மாத்தயா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதற்கு இப்போது வரி ஏதும் உண்டா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அன்றைய உலகக் கணக்கில் எங்கள் பங்காகச் சேர்ந்தவற்றில் பெரும்பகுதி காகம். தேங்காய் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்த பிறகு அவை தாமாகவே எண்ணிக்கைக்கு வந்தன.

இவ்வளவு பாடுபட்டு மலையேறி, ஒரு குரங்குக் கூட்டத்தைப் பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்தில் கண்டால், எல்லோரும் “உஷ்” என்று நின்று ரசிக்கிறோம். குட்டியைத் தாய் அணைத்திருப்பது என்ன, உச்சந்தலையில் முடி வகிடெடுத்துப் படிந்திருக்கும் அழகென்ன! குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிக்கொள்கிறோம். அதே குரங்கு மறுநாள் காலை என் வீட்டுக் கூரைத் தகரத்தில் நடந்தால், நான் வாளியைத் தட்டிக்கொண்டு சாரத்தோடு ஓடுகிறேன். மலையில் இருந்தால் தரிசனம், பலாமரத்தில் இருந்தால் சனியன்.

என் வளவு அரை ஏக்கர். பலா, கொய்யா, பப்பாசி, நாலைந்து தென்னை, முள்முருங்கையில் ஏறின மிளகுக்கொடி. மிளகை விட்டு மிச்சமெல்லாவற்றுக்கும் பங்காளி உண்டு. ஆனால் ஒரு கல்லெடுத்து எறிய முடியாது. வீட்டில் மாமியார் இருக்கிறார். குரங்கு ஆஞ்சநேயர். மயில் முருகனுடைய வாகனம். முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவுக்கு ஐந்து தேர் இழுக்கிற ஊரில் மயிலுக்குக் கல்லெறிந்துவிட்டு எந்த முகத்தோடு வடம் பிடிப்பது? கிழங்கு தோண்ட வருகிற பன்றி வராக அவதாரம். நெல் மூட்டையை அறுக்கிற பெருச்சாளிக்குப் பிள்ளையார் பொறுப்பு. எந்தத் தெய்வத்தின் சிபாரிசும் இல்லாமல் இந்த வளவில் சாப்பிட்டுக்கொண்டிருப்பது நான் ஒருவன்தான்.

மலையணில் விஷயத்தில் மாமியாருக்கே சந்தேகம் வந்தது. தென்னை மரத்திலேயே குரும்பையைத் துளைத்துக் குடித்துவிட்டுக் கூட்டைக் கீழே போடுகிற, பெரிய ஆசாமி. ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, ராமர் தடவியதற்கு அடையாளமாக முதுகில் மூன்று கோடு இதற்கு இல்லை, ஆகவே திட்டலாம், எறியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இந்தச் சாம்பல் மலையணிலுக்குத் தமிழ்நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரில், 1988இல் ஒரு சரணாலயமே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அதைப் பார்க்க அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போக வேண்டும். இங்கே அது பல்லைக் காட்டிக்கொண்டு என் தலைக்கு நேரே குரும்பையைப் போடுகிறது.

2025ஆம் வருஷம் இந்தப் பிரச்சினை நாட்டுப் பிரச்சினை ஆனது. பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து, இலங்கை முழுக்க மின்சாரம் போனது. அமைச்சரே அப்படித்தான் சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்புகிற யோசனை கிளம்பி அப்படியே அமுங்கிப்போயிருந்தது. கடைசியில், முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. மார்ச் 15, சனிக்கிழமை, காலை 8 மணி முதல் 8.05 வரை. நாடு முழுக்க அவரவர் வளவிலும் தோட்டத்திலும் நிற்கிற குரங்கு, கருமந்தி, மலையணில், மயில் நான்கையும் எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் பைனாகுலர் உள்ளவன் நான் ஒருவன்தான். ஆகவே பொறுப்பு தானாக வந்து சேர்ந்தது. வீடு வீடாகப் போய், எண்ணும் முறையைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். ஒரே குரங்கை இரண்டு வீட்டார் எண்ணக் கூடாது. வால் ஒரு வளவிலும் உடம்பு மறு வளவிலும் இருந்தால் தலை இருக்கிற பக்கத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தலை விதி ஜி.எஸ். மாத்தயா வகுத்தது. எல்லைத் தகராறுகளில் அவருக்கு அனுபவம் அதிகம்.

அதுவரைக்கும் குரங்கு எவருடையது என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டாரும் பக்கத்து வீட்டைக் காட்டுவார்கள். “அது உங்க பலாமரத்துக் குரங்குதான் சேர், எங்க வீட்டுக்கு மேலால போறதோட சரி.” முதல்நாள் இரவு யாரோ, எண்ணிக்கைப்படி நட்டஈடு கொடுக்கப் போகிறார்களாம் என்று ஒழுங்கையில் கதை கட்டிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் ஒவ்வொரு வாசலிலும் வாழைப்பழச் சீப்பு. வருஷக்கணக்காக வெடி கொளுத்தி விரட்டினவர்கள், மதிலுக்கு மதில் நின்று, “வா ராசா, வா” என்று கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா இடியப்பமே வைத்திருந்தார்.

மணி எட்டு. நான் முற்றத்தின் நடுவில் நின்று பைனாகுலரைத் தூக்கினேன். தூரத்தில் இருக்கிறதை இழுத்துக் கொண்டுவருகிற கருவி, தலைக்கு மேலே நிற்கிறதைக் காட்டாது. பச்சையாக ஏதோ, பழுப்பாக ஏதோ, அவ்வளவுதான். கூரையில் தடதடவென்று சத்தம். மாமியார் உள்ளே கட்டிலில் படுத்தபடியே எண்ணிக்கொண்டிருந்தார்: “இது கிழவன்… இது நொண்டி… இது குட்டிக்காரி, ரெண்டா எழுது.” மயில் ஒன்று தண்ணீர்த் தாங்கிமேல் ஏறி நின்று அகவியது; எதிர்வீட்டில் அதையும் தங்கள் மயில் என்று கைதட்டினார்கள். 8.05க்கு எண்ணிக்கை முடிந்தது. வாழைப்பழம் முடியவில்லை. ஆகவே குரங்குகளும் போகவில்லை. அன்று முழுக்கவும், அடுத்த கிழமை முழுக்கவும், அதே நேரத்துக்கு வந்து மதிலில் வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜூன் மாதம் முடிவு வந்தது. நாட்டில் குரங்கு 50 இலட்சத்துக்கு மேல், மயில் 40 இலட்சத்துக்கு மேல். சனத்தொகை ஏறக்குறைய இரண்டு கோடியே பதினேழு இலட்சம். நான்கு பேருக்கு ஒரு குரங்கு, ஐந்து பேருக்கு ஒரு மயில் என்று வங்கிக்காரப் பெருமையோடு வகுத்துச் சொன்னேன். அந்தக் கணக்கை நம்பலாமா என்று விஞ்ஞானிகள் கேட்டது வேறு கதை. என் மனைவி கேட்டது இது: “நம்ம வீட்ல அம்மாவோட சேர்த்து நாலு பேர். ஒரு குரங்குதான நமக்கு? மிச்சம் யாரோட பங்குன்னு கேட்டு, அவங்க வீட்டுக்கு அனுப்ப ஏதாச்சும் வழி இருக்கா?”

ஜூன் ஜூலையில் வஸ்கமுவைக்குப் போனோம். அம்பன் கங்கைக்கும் மகாவலிக்கும் நடுவில் கிடக்கிற காடு. 1984இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். பாலைப்பழம் பழுக்கிற நாட்களில் கரடி மரமேறும் என்பதால் கரடி பார்ப்பதே திட்டம். பார்த்தது யானை. யானையை எங்கள் அறிக்கையில் ‘ஏனையவை’ என்ற தலைப்பின் கீழ் போட்டோம். பறவைக்குழுவுக்கென்று ஒரு கௌரவம் இருக்கிறது. கரடி வரவில்லை. ஆனால் அது காலையில் வந்துபோனதற்கான அத்தாட்சி பாதையோரத்தில் ஒரு குவியலாகக் கிடந்தது. மாஸ்டர் குந்தியிருந்து ஒரு குச்சியால் அதைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று பாலைவிதைகள். காட்டில் பாலைமரம் முளைப்பதே இப்படித்தான் என்று அவர் விளக்கியபோது முகத்தில் அப்படியொரு பரவசம்; கரடியே நேரில் வந்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் இருந்திராது. எங்களுக்கும் இருந்திராது.

கண்டலமைக் குளத்துக்குக் குடும்பத்தோடு போனது மனைவிமாரின் வற்புறுத்தலால். ஜெஃப்ரி பாவா கட்டின ஹோட்டலை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டுமாம். தண்ணீர் வற்றியிருந்த கரையில் சங்குவளை நாரைகள், கூழைக்கடாக்கள், கொக்குகள். அத்தனையும் பெரிய உருப்படிகள், எனக்கே தெரிந்தன. காட்டோர மரமொன்றில் இருவாய்ச்சி வந்து உட்கார்ந்ததும் மாஸ்டர் பெண்கள் பக்கம் திரும்பினார். பெண் இருவாய்ச்சி மரப்பொந்துக்குள் போய், வாசலை அடைத்துக்கொண்டு, சின்னப் பிளவு ஒன்றை மட்டும் விட்டு, வாரக்கணக்காக உள்ளேயே இருக்கும். ஆண்தான் பழமும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டும் என்றார். ஆண் குலத்துக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் கிடைத்த நிம்மதியில் நான் நிமிர்ந்து நின்றேன். மனைவி அந்தப் பறவையை ஏக்கத்தோடு பார்த்தாள். “அத்தனை நாள் சமைக்கவும் வேணாம், யாரும் உள்ள வரவும் ஏலாது” என்றாள். நானாவின் மனைவி, “பிளவு எதுக்கு? அதையும் அடைச்சிருக்கலாம்” என்றார்.

அதே பாதையில்தான் பொப்பம் தோட்டம். சாம் பொப்பம் என்கிற வெள்ளைக்காரர் 1963இல் தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பற்றைக்காட்டை வாங்கினார். மரக்கன்று நட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. பிறகு நடுவதை விட்டுவிட்டு, முட்புதரை மட்டும் வெட்டி, தானாக முளைக்கிறதை முளைக்கவிட்டார். பற்றை காடானது. இப்போது அது கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இரவில் சிவப்பு வெளிச்சத்தோடு போனால் தேவாங்கு பார்க்கலாம். எங்களுக்கும் கிடைத்தது: இருட்டில் இரண்டு கண், ஜோடியாக, கிளைக்குக் கிளை மிக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. ஓய்வூதியக்காரனுக்கு உரிய வேகம்.

ஆனால் என்னை உலுக்கியது தேவாங்கு அல்ல, பொப்பமின் கொள்கை. தோட்டத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது! திரும்பி வந்த நாளிலிருந்து நான் வளவில் புல் வெட்டவில்லை. கேட்டபோது 1963ஐச் சொன்னேன், பற்றை காடானதைச் சொன்னேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். “அவர் சும்மா இருந்தா காடு வருது. நீங்க சும்மா இருந்தா சாரைப்பாம்பு வருது” என்றாள். இரண்டுமே உண்மையாக இருந்தது. கிணற்றடியில் தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து கத்தினால் அங்கே பாம்பு என்பது அவளுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரியும். எனக்கு, தவிட்டுக் குருவி கத்தினால், குறிப்பேடு எங்கே என்று தேடத்தான் தெரியும். குறிப்பேடு கிணற்றடியில் இருந்தது.

புரட்டாசியில் கோடைகால அறிக்கைக் கூட்டம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. தேத்தண்ணி வருவதற்குள், கூரையில் நொண்டிக் குரங்கு, தண்ணீர்த் தாங்கியில் மயில், தென்னையில் மலையணில், பலாமரத்தில் மஞ்சள் நெற்றிக் குக்குறுவான், வேலிக்கரையில் வராக அவதாரம் தோண்டின பள்ளம். மாஸ்டர் அறிக்கையைக் கீழே வைத்துவிட்டுப் பரபரவென்று குறித்துக்கொண்டார். ரிவர்ஸ்டனில் ஒரு நாள் முழுக்கக் கண்டதைவிட இங்கே அரை மணித்தியாலத்தில் அதிகம். வேன் செலவும் இல்லை, அட்டையும் இல்லை. வருகிற சித்திரையில் முதல் நிகழ்ச்சியை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று பிரேரித்தார். ஜி.எஸ். மாத்தயா ஆமோதித்தார். நானாவுக்கு வேன் மிச்சம். ஏகமனதாக நிறைவேறியது. வீட்டுக்காரன் என்ற முறையில் நன்றி சொல்ல எழுந்தேன்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். “வஸ்கமுவைக்குள்ள போக டிக்கெட் எடுத்தீங்கதானே மாஸ்டர்? இங்கயும் அதே மாதிரி. உள்ளூர்க்காரவங்க ஆளுக்கு ஒரு தேங்காய். கொழும்புல இருந்து யாராச்சும் கூட்டிட்டு வந்தா ரெண்டு.”

“ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சலுகை இருக்குமா?” என்று மாஸ்டர் தாழ்மையோடு கேட்டார்.

“உரிச்ச தேங்காயா இருந்தாச் சரி.”

நான் வீட்டுக்காரன், எனக்கு எதற்கு டிக்கெட் என்று சிரித்தேன்.

“உங்களுக்கு டிக்கெட் இல்ல. நீங்க வழிகாட்டுற டிராக்கர்” என்றாள். “காலையில அஞ்சு மணிக்கே எழும்பி, வளவைச் சுத்திப் புல்லு வெட்டி வைக்கணும். வர்றவங்களுக்குப் பாதை தெரிய வேணாமா?”